அப்பாவின் மோரிஸ் மைனர்

சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்திருந்தேன். பேராக்கிலிருந்து ஓர் அன்பர் எழுதியிருக்கிறார். அவருடைய தகப்பனார் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். 1964ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் ஒன்றை இரண்டாவது கையாக வாங்கி, ஓய்வு பெற்ற பிறகும் விடாமல் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பெரியவர் காலமாகி ஐந்து வருடம் ஆகிறது. அன்றிலிருந்து கார் வீட்டோரத் தகரக் கொட்டகையில் நிற்கிறது. "இரும்புக் கடைக்குப் போட்டுவிடு" என்கிறார் மைத்துனர். "நான் இருக்கும் வரைக்கும் அது அங்கேயே நிற்கட்டும்" என்கிறார் அம்மா. இதற்கிடையில் அன்பரின் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். தாத்தாவின் காரில்தான் கோயிலுக்குப் போவேன் என்று பெண் பிடிவாதமாக இருக்கிறாளாம். பட்டறையில் விசாரித்ததற்கு, "முதலில் நல்லதாக ஒரு பெயிண்ட் அடித்துவிடலாம், இன்ஜினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார்களாம். செய்யலாமா என்று கேட்கிறார்.

அன்பரே, பெயிண்ட் வேண்டாம். இப்போதைக்கு வேண்டாம். இன்ஜினையும் எழுப்ப வேண்டாம். ஐந்து வருடம் தூங்கிய காருக்குப் புதுப் பேட்டரி மாட்டிச் சாவியைத் திருப்பிப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்கிற முதல் காரியம். முதல் தவறும் அதுதான். நீங்கள் செய்ய வேண்டியது, பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, கையில் டார்ச் விளக்குடன் காருக்கு அடியில் படுப்பது.

மோரிஸ் மைனரைப் பற்றி நம்மவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிராணியார், டிரெசர், தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியர் என்று தோட்டத்தில் நாலு பேர் மதிக்கிற மனிதர்கள் ஓட்டிய கார் அது. 1948ஆம் ஆண்டு லண்டன் கார் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிற்பாடு மினி காரை உருவாக்கியவரும் அவரே. பிரிட்டனில் தயாரான கார்களில் பத்து லட்சத்தை முதலில் எட்டியது இதுதான். 1956இல் முன்கண்ணாடி ஒரே துண்டாக வந்தது. 1962இல் இன்ஜின் 1098 சி.சி.க்கு உயர்ந்தது. 1971இல் உற்பத்தி நின்றுபோயிற்று. உங்கள் கார் 1964 என்பதால் அந்தக் கடைசிப் பெரிய இன்ஜின்தான் இருக்க வேண்டும். நல்ல இன்ஜின். ஆனால் இன்ஜினைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் கவலைப்பட வேண்டியவை வேறு.

இந்தக் காருக்கு லோரிக்கு இருப்பது போலத் தனியாகச் சேசிஸ் கிடையாது. உடம்பேதான் சட்டம். தகரத்தை மடித்து ஒட்டி, பலம் வேண்டிய இடங்களில் பெட்டி போலச் செய்திருக்கிறார்கள். அந்தப் பெட்டிகளுக்குள் தண்ணீர் புகுந்தால் வெளியே தெரியாமல் உள்ளிருந்தே அரித்துவிடும். நம் ஊர் மழையும் செம்மண் சேறும் எத்தனை வருடம் அங்கே அடைந்து கிடந்தனவோ! ஆகவே பழைய ஸ்க்ரூ டிரைவர் ஒன்றும் சிறிய சுத்தியலும் எடுத்துக்கொள்ளுங்கள். கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் போகும் படிச்சட்டம், ஜேக்கி மாட்டும் ஓட்டைகள் இருக்கும் குறுக்குச் சட்டம், இன்ஜினுக்கு இரு புறமும் முன்னோக்கி ஓடும் கால்கள், பின்பக்க லீஃப் ஸ்பிரிங் தொங்கும் இடங்கள் ஆகியவற்றைத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு "டங்" என்று பேசும். செத்த இரும்பு "டொப்" என்று முனகும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்துங்கள். உள்ளே இறங்கிவிட்டால் அங்கே ஒட்டுப் போட வேண்டும். சிலர் பஞ்சும் புட்டியும் வைத்து அடைத்து மேலே கறுப்பு மை பூசியிருப்பார்கள். ஒரு சிறிய காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். புட்டி இருக்கிற இடத்தில் காந்தம் ஒட்டாது.

சுவர் இருந்தால்தான் சித்திரம். துருவின் மேல் அடிக்கிற பெயிண்ட் ஒரு மழைக்காலம் தாங்கும். கல்யாணப் புகைப்படத்தில் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

ஒன்றை மறந்துவிட்டேனே. காருக்கு அடியில் நுழைவதற்கு முன்னால் ஜேக்கியை மட்டும் நம்பாதீர்கள். செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுக்கவும் வேண்டாம். செங்கல் சொல்லாமல் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டு ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். சிமெண்டுத் தரையில் நிறுத்தி, பின் டயர்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வீட்டில் யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதவே என்னைத் தூண்டியது.

1981ஆம் ஆண்டு. என்னிடமும் ஒரு மைனர் இருந்தது. என் தாயாரை டவுன் கிளினிக்கில் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பெரிய சாலையில் மர லோரிகளுக்கு நடுவே ஐந்து மைல் வந்து, எங்கள் தோட்டத்துப் பிரிவில் திரும்பினேன். பத்து மைல் வேகம்கூட இருக்காது. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்த நேரத்தில் "படீர்" என்று ஒரு சத்தம். காரின் முன்மூலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் இடது முன்சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடிந்து கிடந்தது, கால் முறிந்த ஆட்டைப் போல. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மடியில் வைத்திருந்த மருந்துப் புட்டிதான் உடைந்தது. ஆனால் அந்தச் சக்கரம் ஒரு நிமிடம் முன்னதாக, பெரிய சாலையில் மடிந்திருந்தால்? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதற்கு மூன்று வாரம் முன்புதான் ஒரு பட்டறையில் "கிரீஸ் அடித்தோம்" என்று சொல்லிக் காசு வாங்கியிருந்தார்கள். பிறகு பிரித்துப் பார்த்தபோது கீழ் நிப்பிளின் வாயில் சேறு கல்லாக இறுகிக் கிடந்தது. ஒரு துளி கிரீஸ்கூட உள்ளே போகவில்லை. பட்டறையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நானும் குனிந்து பார்க்கவில்லை.

மைனரின் முன்சக்கரங்கள் கிங் பின் என்கிற செங்குத்தான தண்டில் திரும்புகின்றன. தண்டின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் மரை வெட்டியிருக்கும். அந்த மரை டிரன்னியன் என்னும் இரும்புக் கட்டிக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும் போதெல்லாம் அந்த மரையில்தான் சுழற்சி. காரின் பாரம் கீழ் டிரன்னியனைத் தண்டிலிருந்து பிரித்து இழுத்துக்கொண்டே இருக்கிறது. கிரீஸ் இருந்தால் பல்லாண்டு உழைக்கும். கிரீஸ் இல்லாவிட்டால் மரை தேய்ந்து, தேய்ந்து, ஒரு நாள் பிடிமானம் விட்டுக் கழன்றுவிடும். ஸ்டீயரிங்கை நன்றாக ஒடித்துத் திரும்பும் நேரத்தில்தான் பெரும்பாலும் நடக்கும். மைனர் வைத்திருக்கும் எவரும் இதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கக் கூடாது.

பார்ப்பது எப்படி? முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தை அந்தரத்தில் நிறுத்துங்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் சக்கரத்துப் பேரிங்கில்தான் குறை. மிதித்த பிறகும் ஆடினால் கிங் பின்னைச் சந்தேகிக்க வேண்டும். அடுத்து, டயருக்கு அடியில் ஒரு கடப்பாரையைக் கொடுத்து மெள்ள நெம்பிக்கொண்டே, கீழ் டிரன்னியன் பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்டு மேலும் கீழும் எகிறினால் மரை போய்விட்டது என்று பொருள். பழுது பார்க்க வழியில்லை. தண்டும் டிரன்னியனும் புதிதாகவே போட வேண்டும். இங்கிலாந்தில் இந்தக் காருக்கென்றே சாமான் விற்கும் கடைகள் இன்றைக்கும் இருக்கின்றன, தபாலில் தருவிக்கலாம். ஐந்து வருடம் அசையாமல் நின்ற உங்கள் காரில் பழைய கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருக்கும். ஆட்டம் இல்லாவிட்டாலும் ஒரு முறை பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்துவிடுவது மேல்.

கிரீஸ் அடிப்பதிலும் ஒரு முறை உண்டு. நிப்பிள் பக்கத்துக்கு இரண்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக நான்கு. முதலில் ஒவ்வொன்றின் வாயையும் துணியால் துடையுங்கள். சக்கரம் தரையில் படாமல் தூக்கியிருக்க வேண்டும். பாரம் இருக்கும் போது அடித்தால் கிரீஸ் மரைக்குள் முழுதாகப் பரவாது. ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டிருக்க, மற்றவர் கன்னால் அடிக்க வேண்டும். பழைய கறுப்புக் கிரீஸ் வெளியே வந்து, அதன் பின்னால் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள். உள்ளே ஏறாத நிப்பிளைக் கழற்றிப் புதிது போடுங்கள், மலிவான பொருள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை என்று நான் வைத்துக்கொண்டேன். அரை மணி நேர வேலை.

அடுத்தது பிரேக். மைனரில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் பொனட்டுக்குள் இருக்காது. ஓட்டுபவரின் காலுக்கு அடியில், சட்டத்தின் காலுக்குள் ஒளிந்திருக்கும். தரைக் கம்பளத்தைத் தூக்கினால் ஒரு மூடி தெரியும். பிரேக் எண்ணெய் ஊற்றுவது அதன் வழியாகத்தான். கண்ணில் படாத இடத்தில் இருப்பதால் பலர் அதை மறந்தே போகிறார்கள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. நம் நாட்டுக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஐந்து வருடத்தில் சக்கரங்களிலுள்ள சிலிண்டர்கள் துருவேறி இறுகியிருக்கும். எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டுத் திருப்திப்படாதீர்கள். நான்கு டிரம்முகளையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் ஹோஸ்கள் வெடித்திருக்கின்றனவா என்று வளைத்துப் பாருங்கள். இந்தக் காரில் நாலு சக்கரத்துக்கும் ஒரே குழாய் வழிதான். எங்கேயாவது ஓர் இடத்தில் ஒழுகினால் மிதி மொத்தமும் தரைக்குப் போய்விடும். அப்போது உங்களைக் காப்பாற்றுவது ஹேண்ட் பிரேக் ஒன்றே. ஆகவே அதன் கம்பியையும் சரி பார்க்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டரைக் கழற்ற டார்ஷன் பார் என்னும் முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கும். போமன் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

இவ்வளவும் ஆன பிறகு இன்ஜின் பக்கம் வரலாம். டாங்கியில் கிடக்கும் பழைய பெட்ரோல் கெட்டு நாற்றம் எடுத்திருக்கும், முழுதையும் வடித்துவிடுங்கள். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வோர் ஓட்டையிலும் ஒரு மேசைக்கரண்டி இன்ஜின் எண்ணெய் விட்டு ஒரு நாள் விட்டுவையுங்கள். மறுநாள் ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றுங்கள். பெரியவர் ஹேண்டிலைப் பத்திரமாக வைத்திருப்பார். சுற்றினால் நல்ல சகுனம். சுற்றாவிட்டால் பலாத்காரம் செய்யாதீர்கள். இன்னும் இரண்டு நாள் ஊறட்டும். எண்ணெயும் வடிகட்டியும் புதிதாக மாற்றுங்கள். 20டபிள்யூ-50 என்ற சாதாரண எண்ணெய் போதும். இன்ஜின் பின்புறத்திலிருந்து கொஞ்சம் எண்ணெய் சொட்டுவது இந்த இனத்தின் பிறவிக் குணம். கீழே ஒரு தட்டு வைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

சாவியைத் திருப்பியதும் பொனட்டுக்குள் பெட்ரோல் பம்பு "டிக் டிக் டிக்" என்று அடித்து, கார்பரேட்டர் நிறைந்ததும் நிற்க வேண்டும். அடிக்கவே இல்லையென்றால் உள்ளேயிருக்கும் பாயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் மெதுவாக ஒரு தட்டு தட்டினால் விழித்துக்கொள்ளும். ஆனால் தட்டியே காலம் தள்ளாமல் பாயிண்டைச் சுத்தம் செய்யுங்கள். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ பெட்ரோல் ஒழுகுகிறது. உடனே சாவியைத் திருப்பி அணைத்துவிட்டுத் தேடுங்கள். கார்பரேட்டரின் உச்சியிலுள்ள மூடியைத் திருகினால் ஒரு குச்சி வரும். அதற்குள் மெல்லிய எண்ணெய் இருக்க வேண்டும். அது வற்றியிருந்தால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும் போதெல்லாம் கார் விக்கும். இதற்காக கார்பரேட்டரையே மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி 15 தௌ, பிளக் 25 தௌ, இன்ஜின் குளிர்ந்திருக்கும் போது டேப்பெட் 12 தௌ. இந்த மூன்று எண்களையும் பொனட்டின் உட்புறம் சாக்பீஸால் எழுதி வையுங்கள். இளம் போமன்களுக்கு உதவும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு சின்ன ஹோஸ் இருக்கிறது, கட்டை விரல் நீளம்தான். தண்ணீர் பம்புக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் செருகியிருக்கும். பெரிய ஹோஸ்களையெல்லாம் மாற்றுவார்கள்; இதை மாற்றக் கை நுழையாது என்று விட்டுவிடுவார்கள். நெரிசலில் நடுச் சாலையில் வெடித்துக் கொதிக்கவைப்பது இதுதான். மடிப்பு மடிப்பாக, ஆர்மோனியத் துருத்தி போல் ஒரு வகை கிடைக்கிறது. அதை அமுக்கிச் செருகிவிடலாம். பம்பைக் கழற்ற வேண்டாம்.

மின்சாரத்தில் ஓர் எச்சரிக்கை. இன்றைய கார்களில் பேட்டரியின் நெகட்டிவ் முனைதான் உடம்போடு சேரும். மைனரில் பாசிட்டிவ் முனை உடம்போடு சேரும். இது தெரியாமல் யாராவது புது ரேடியோவோ கைத்தொலைபேசி சார்ஜரோ இணைத்தால் புகைதான் வரும். கல்யாணத்தன்று பாட்டு வேண்டுமென்றால் பேட்டரியில் ஓடும் சிறு பெட்டி ஒன்றைப் பின்சீட்டில் வையுங்கள்.

ஈயம் கலந்த பெட்ரோல் இப்போது கிடையாதே, பழைய இன்ஜின் கெட்டுப்போகாதா என்று பலர் கேட்கிறார்கள். வால்வு உட்காரும் இடம் ஈயம் இல்லாமல் நாளடைவில் தேயும் என்பது உண்மை. வாரம் ஒரு முறை நிதானமாக ஓட்டும் காருக்கு இதற்காக இப்போதே ஹெட்டைக் கழற்ற வேண்டாம். டேப்பெட் இடைவெளி அடிக்கடி குறைகிறதா என்று கவனித்து வாருங்கள். வேறு காரணத்துக்காக ஹெட்டைக் கழற்றும் நாளில் கடினமான சீட் போடச் சொல்லிவிடுங்கள்.

போமனைப் பற்றி ஒரு வார்த்தை. பளபளப்பான பட்டறை வேண்டாம். சின்ன டவுன்களில் தலை நரைத்த சீனப் போமன்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். மைனரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தால் அவர்தான் ஆள். வேலையை மொத்தமாகப் பேசாமல் பகுதி பகுதியாகப் பேசுங்கள். கழற்றிய பழைய சாமான்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். கிரீஸ் அடிப்பதை மட்டும் யாரிடமும் விடாதீர்கள்.

காகித விஷயத்தையும் இப்போதே தொடங்குங்கள். கார் இன்னும் பெரியவர் பெயரில்தான் இருக்கும் என்று உங்கள் கடிதத்திலிருந்து யூகிக்கிறேன். இறந்தவர் பெயரிலுள்ள காரை மாற்ற, வெறும் இறப்புப் பத்திரம் போதாது. நீதிமன்றம் மூலமாகவோ அமானா ராயா மூலமாகவோ வாரிசு உரிமைப் பத்திரம் பெற்று, அதோடு ஜேபிஜே அலுவலகம் போக வேண்டும். அம்மாவும் உடன்பிறந்தவர்களும் சம்மதிக்க வேண்டும். மைத்துனரிடம் முன்னதாகவே பேசிவிடுவது நல்லது. பரிசோதனையின் போது இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் கெரானில் உள்ளபடி இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். ஆகையால் ஒட்டுப் போடுகிறவரோ பெயிண்ட் அடிக்கிறவரோ அந்த எண்களின் மேல் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் மாறாமல், இன்ஷூரன்ஸ் சரியாக இல்லாமல் அந்தக் காரைச் சாலையில் இறக்க வேண்டாம்; விபத்து என்று ஒன்று வந்துவிட்டால் பெருந்தொல்லை.

சரி, கல்யாணம்? தைக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அடிச்சட்டம் நன்றாக இருந்து, சாமான்களும் நேரத்துக்கு வந்து சேர்ந்தால் முடியும். மார்கழி பிறக்கும் போது கிங் பின்னும் பிரேக்கும் முடிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு குறைந்தது இருநூறு மைல் நீங்கள் தனியாக, தோட்டத்துச் சாலையிலும் பழைய சாலையிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலை வேண்டாம். முதல் ஐம்பது மைல் ஓடியதும் எல்லா மரையாணிகளையும் மறுபடி இறுக்குங்கள். முதல் கியரைக் கார் நின்ற பிறகுதான் போட வேண்டும் என்பது நினைவிருக்கட்டும். இல்லாவிட்டால் பல் கடிக்கும் சத்தம் கேட்கும்.

மார்கழிக்குள் முடியவில்லை என்றால், பெண்ணிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். மணப்பெண் வேறு காரில் போகட்டும். மைனரைக் கழுவித் துடைத்து, மாலை போட்டு, லோரியில் ஏற்றி மண்டபத்து வாசலில் நிறுத்துங்கள். தாத்தாவின் காருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளட்டும். பழைய பெயிண்டே இருக்கட்டும். பெரியவர் கை பட்ட பெயிண்ட் அல்லவா?

வாசலில் நிறுத்த வேண்டிய நிலை வந்தாலும் வேலையை விட்டுவிடாதீர்கள். அடியில் படுத்துப் பார்த்ததில் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள். ஓட்டை எங்கே, எத்தனை அங்குலம் என்று குறிப்பிட்டால் ஒட்டுப் போடுவது பற்றி விரிவாகச் சொல்கிறேன். அம்மாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: அப்பா கிரீஸ் கன்னை எங்கே வைத்திருந்தார் என்று. இத்தனை வருடம் அந்தக் காரை ஓட்டியிருக்கிறார். கொட்டகையில்தான் எங்காவது இருக்கும்.